திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு பக்கம்

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை வடசென்னைக்குப் போய் வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. ஒரு பழைய புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருந்தது. அதைப் படிக்க வழி இருக்கிறதா என்று கேட்கப் போனேன். படிக்க முடிந்ததா என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கரூரில் எனக்கு மருந்துக்கடை. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுகிற ஒரு குழு இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறேன். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள் என்பதால் மோசமான பக்கங்களை எல்லாம் எனக்குத்தான் தள்ளிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. செல்லரித்த தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து ஸ்கேன் செய்திருப்பார்கள். ஓட்டைகள் கறுப்பு விண்மீன்களாக வாக்கியத்துக்குள் சிதறிக் கிடக்கும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தலைகீழாக ஊடுருவி, வெந்தய வைத்தியமும் விநாயகர் துதியும் ஒன்றாகிவிடும். சில ஓரங்களில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் விழுந்திருக்கும். இப்படிப்பட்ட பக்கங்களைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று என் கணவர் கேட்பார். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

நான் சொல்லும் புத்தகம் ராயபுரத்தில் தொடங்கிக் கடலோரமாக வடக்கே போகிறவர்களுக்கு எழுதிய வழிகாட்டி. அட்டையும் முதல் சில தாள்களும் இல்லை. எழுதியவர் பெயர் தெரியாது, வேறு பிரதி எங்கும் இருப்பதாகவும் தெரியாது. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி என்பதுவரை சொல்கிற பொறுமைசாலி. அறுபதாம் பக்கத்தில் திருவொற்றியூரை விட்டுக் கிளம்புகிறார். அறுபத்திரண்டில் எண்ணூரில் இருக்கிறார். நடுவில் இருக்கிற அறுபத்தொன்றுதான் விஷயம்.

அந்தப் பக்கத்தில் முதல் இரண்டு வரி நேராக இருக்கின்றன, அவை முந்தைய பக்கத்துச் செய்தியின் மிச்சம்தான். மூன்றாவது வரியிலிருந்து எழுத்துகள் வலப்பக்கமாக நீளத் தொடங்கி, சுழிகள் அவிழ்ந்து, பக்கத்தின் நடுவில் எல்லா வரியும் சேர்ந்து ஒரு அலையாக எழும்புகின்றன. கீழே வரும்போது நூல் நூலாகப் பிரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடுகின்றன. அந்த இரண்டு வரிக்குக் கீழே ஒரு எழுத்துகூடத் தேறாது. அதைப் பெரிதாக அச்செடுத்து, கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன். மருந்து வாங்க வருகிறவர்கள் அது யாருடைய ஈ.சி.ஜி. என்று விசாரிப்பார்கள்.

குழுவில் இருப்பவர்கள் 'படிக்க இயலவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு முடித்துவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. யாரோ குழுவுக்குக் கொடுத்த அந்தத் தொகுதி முழுவதும் ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் ஆனது என்று மட்டும் தெரிந்தது. மூலப் புத்தகம் அங்கே கிடந்தாலும் கிடக்கும். இல்லாவிட்டால் அந்த வழியில் நாமே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று இரவு ரயிலில் ஏறினேன்.

காலை ஆறரைக்கு சென்ட்ரல். குழப்பம் அங்கேயே ஆரம்பித்தது. பக்கத்தில் இருக்கிற புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி நின்றது. ராயபுரம் அந்தத் தடத்தில்தான் இருப்பதாகப் படித்திருந்தேன். ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து ஏறினால் ராயபுரமே வரவில்லை, கொருக்குப்பேட்டை வந்துவிட்டது. இறங்கி ஆட்டோக்காரரிடம் நியாயம் கேட்டேன்.

"ராயபுரம் போறதுன்னா பீச்லேந்து வர்ற வண்டில ஏறணும்மா. சென்ட்ரல்ல ஏறினா அது இப்டிக்கா வந்துடும்."

"ரெண்டுமே கும்மிடிப்பூண்டி வண்டிதானே?"

"கும்மிடிப்பூண்டிதான். ஆனா ராயபுரம் வராது. குந்து, நான் இட்டுகினு போறேன்."

நூறு ரூபாய். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பீச் நிலையத்தில் ஏறுகிற வண்டிதான் ராயபுரம் வழியாகப் போகும், அதுவும் அடிக்கடி கிடையாது. ராயபுரம் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன், ஐம்பது ரூபாய். கரூரில் இப்படி ஒரு பொருள் கிடையாது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கடையைக் கண்டுபிடித்தேன். இப்போது அங்கே ஜெராக்ஸோடு பிளக்ஸ் பேனரும் மொபைல் ரீசார்ஜும் நடக்கிறது. கடைக்காரர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. போனில் பக்கத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத எதுக்குத் தாயி இப்பம் கொண்டாந்தீங்க? இது இங்க இருந்த புனிதா பார்த்த வேலைல்லா."

அப்போது ஒரு கன்டெய்னர் டிரெய்லர் கடையைத் தாண்டிப் போனது. மேசைமேல் இருந்த டீ கிளாஸ் நகர்ந்தது.

"பார்த்தீங்களா? நாள் முச்சூடும் இப்படித்தான். வண்டி போவும்போதெல்லாம் மிஷின் அதிரும், பக்கம் கோணிரும்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. அவ என்ன செய்வா, ரோடு அப்படி. ஆனா வேலை குடுத்த பார்ட்டி கேட்டானா? பாதிக்குப் பாதி கெட்டுப்போச்சு, துட்டு தர மாட்டேன்னுட்டான். எனக்கும் தாங்கல. அவளை நிப்பாட்டிட்டேன்."

பிறகு அவரே தொடர்ந்தார். "அவ வீட்டுக்காரன் டிரெய்லர் ஓட்டுதான். இங்க வந்து சண்டை போட்டான். ரோட்டுல வண்டி ஓடாம பறக்குமா, நீ ஏன் இங்க கடை வச்சேன்னு கேட்டான். நாலஞ்சு வருசமாச்சு. கடைக்கு முன்னாடி வண்டியில போவான், இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்."

மூலப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி உரியவர்களிடமே கொடுத்துவிட்டாராம். அவர்கள் வீடு மாறும்போது எல்லாவற்றையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அப்படியானால் அந்தப் பக்கம் உலகத்தில் எங்கும் இல்லை. அண்ணாச்சிக்கு என்ன தோன்றியதோ, புனிதாவின் எண்ணை எழுதிக் கொடுத்தார். "கத்திவாக்கத்துல இருக்கா. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

போன் செய்தேன். ஒரு பெண் குரல், முதலில் சந்தேகமாக, பிறகு சிரித்துக்கொண்டு, "இன்னிக்கு லீவுதான்க்கா, வா. சோறு துன்ட்டுப் போலாம்" என்றது.

வழிகாட்டி போன வழியிலேயே போக வேண்டும் என்று காசிமேட்டிலிருந்து கடலோரச் சாலையில் பஸ் ஏறினேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கல், மறுபக்கம் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள். திருவொற்றியூர்வரை ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவசரம் இருந்தால் மெட்ரோவில் திருவொற்றியூருக்கோ விம்கோ நகருக்கோ போய்விடலாம். ஆனால் அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது. என் அறுபத்தோராம் பக்கம் எப்படிப் பிறந்தது என்று கண்ணால் பார்ப்பதாக நினைத்து மகிழ்ந்தேன். துறைமுகமே ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று கணவருக்குச் செய்திகூட அனுப்பினேன்.

திருவொற்றியூரிலிருந்து கத்திவாக்கத்துக்கு ரயில். இதுதான் காணாமல் போன பக்கத்தின் தூரம். வழிகாட்டி என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று வாசலில் நின்று பார்த்தேன். ஆலைச் சுவர், எண்ணெய்த் தொட்டி, சுவரை ஒட்டி வீடுகள், மொட்டைமாடியில் துணி, சிலை வைத்த ஒரு மாதா கெபி, மறுபடி சுவர். இதில் எது அன்றைக்கும் இருந்தது, எது இல்லை என்று ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் ஊர் வந்துவிட்டது.

புனிதாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இப்போது ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் வேலை. உள்ளே போகிற பெட்டிகளின் எண்ணைப் படம் பிடித்து ஏற்ற வேண்டுமாம். நிலையத்துக்கே வந்து என்னை அழைத்துப் போனாள். வீட்டில் அவள் கணவர் டில்லிபாபு நண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், கரூர்லேந்து ஒரு பேப்பருக்காவ வந்துகிறீங்களாமே. நெசமாவா?"

சாப்பிட்டுக்கொண்டே என் போனில் இருந்த கோப்பைக் காட்டினேன். கட்டைவிரல் விழுந்த பக்கங்கள் வந்ததும் டில்லிபாபு சத்தமாகச் சிரித்தார். "இது இவ வெரலுதான். நகத்தப் பாரு, கடிச்சி வெச்சிகீறா." புனிதாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஸ்கேன் செய்ததை அதுவரை இணையத்தில் பார்த்ததே இல்லையாம். அறுபத்தொன்று வந்தபோது இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கடையில் மாட்டியிருக்கிறேன், டிரெய்லர் அதிர்வு வரைந்த படம் என்று சொன்னேன்.

"பார்த்தியா, நம்ம வண்டி வரைஞ்சது கரூர் வரிக்கும் போய்கீது" என்றார் டில்லிபாபு. அவருக்கு அது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே மனதில் பட்டதைக் கேட்டேன். "ஒண்ணுதான் புரியல. வண்டி அதிர்ந்தா எழுத்து இப்படியும் அப்படியும் ஆடணும் இல்ல? இது எல்லாம் ஒரே பக்கமா போயிருக்கே."

புனிதா தட்டைப் பார்த்தாள். "வண்டி இல்லக்கா. நான்தான் இஸ்தேன்."

எனக்கு இஸ்திரி என்று காதில் விழுந்தது. பழைய தாள் சுருங்கியிருக்கும், சூடு வைத்துத் தேய்த்திருப்பாள் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். "இஸ்திரிப் பெட்டி சூடு அதிகமாயிடுச்சா?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. டில்லிபாபு மெதுவாகச் சொன்னார். "இஸ்தேன்னா இழுத்தேன் மேடம். மிஷின் ஓடிகினு கீறப்ப பேப்பர இழுத்துகீறா." பிறகு மனைவியிடம் கேட்டார். "எல்லாமேவா?"

"எல்லாம் இல்ல. சிலது தானா வந்துச்சி. சிலது நான் இஸ்தது."

"அந்தாளாண்ட நான் இன்னா பேச்சு பேசிட்டு வந்தேன், தெரியும் இல்ல உனக்கு?"

அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தட்டில் பாதி நண்டு இருந்தது. அதைச் சாப்பிடுவது மரியாதையா, வைத்துவிடுவது மரியாதையா என்றும் தெரியவில்லை.

சற்று நேரம் கழித்து, "வாக்கா, முகத்துவாரம் பார்த்துட்டு வரலாம்" என்று புனிதாதான் எழுந்தாள். ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், பிறகு நடை. ஆறு கடலில் சேருகிற இடம். எதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் சாம்பல் படிந்த சேறு. இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை வாயில் கவ்வியிருந்த ஓலைப்பையில் போட்டார்கள்.

"ஏன் இழுத்தே?" என்று கேட்டேன். இதற்காகத்தானே வந்திருக்கிறேன்.

"மொதல்ல கை தவறிதான் ஆச்சு. பார்த்தா நல்லா இருந்திச்சி. துணி காத்துல பறக்கற மாறி. அப்பால போர் அடிக்க சொல்ல ஒண்ணு ரெண்டு இஸ்து பார்ப்பேன். வெளம்பரம், காலி எடம், அந்த மாறி பக்கமா பார்த்துதான். நல்ல பக்கத்துல கை வெக்க மாட்டேன்க்கா."

"அறுபத்தொண்ணு நல்ல பக்கம் இல்லையா?"

"அத படிச்சிட்டுதான் இஸ்தேன். திருவொத்தியூர் தாண்டினா எண்ணூர் வரிக்கும் ஒண்ணும் இல்லன்னு போட்டிருந்தான். எங்க ஊரு அங்கதான கீது? அன்னிக்குக் காத்தால கூட எங்கம்மா இதே தண்ணில நின்னுகினு இருந்தாங்க. நான் பஸ்ஸுல ஒரு மணி நேரம் தொங்கிகினு வந்து அந்தாளு புக்க நேரா வெச்சிகினு கீறேன், அவன் ஒண்ணும் இல்லன்றான். கடுப்பாயிடுச்சி. ஒரு இஸ்பு."

"உனக்கு வேலை போகும்னு தெரியாதா?"

"அந்த ஒண்ணால போவல. கூட்டிப் பார்த்தாதான் போச்சு. அண்ணாச்சி கேட்டாரு, வண்டின்னு சொல்லிட்டேன். அவரு நம்பிட்டாரு. இவரும் நம்பிட்டாரு. அப்பால எங்கேந்து மாத்தி சொல்றது?"

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. ஒரே பிரதியில் மிஞ்சியிருந்த பக்கத்தை ஒருத்தி வேண்டுமென்றே அழித்திருக்கிறாள். அதை நான் அழகு என்று சட்டம் போடாத குறையாக மாட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கடைசியாகப் படித்தவளும் அவள்தான். அப்புறம் என்ன எழுதியிருந்தது, வேறு ஏதாவது நினைவிருக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். ஒன்றும் இல்லை என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் நினைவில்லை.

திரும்பி வந்தபோது டில்லிபாபு பைக்கோடு நின்றிருந்தார். "மேடத்த நான் சென்ட்ரல்ல உட்டுடறேன்" என்றார் மனைவியிடம். அவள் தலையாட்டினாள். என்னிடம், "ஊருக்குப் போயி போன் பண்ணுக்கா" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சண்டை முடிந்ததா, இனிமேல்தானா என்று எனக்குப் புரியவில்லை.

வழியெல்லாம் டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை அவர் நுழைத்த விதத்தில் நான் பின்கம்பியை விடவே இல்லை. ராயபுரம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் அண்ணாச்சி கடை வாசலில் நிறுத்தினார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எண் கொடுத்த விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டில்லிபாபு சட்டைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு ஜெராக்ஸ்."

"முன்னும் பின்னுமா?"

"ஆமா."

மிஷின் ஓடியது. அண்ணாச்சி தாளைக் கொடுத்துவிட்டு, "புனிதா நல்லா இருக்காளா?" என்றார்.

"நல்லா கீறா. உன்னாண்ட கேட்டதா சொல்ல சொன்னா."

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தானே இருந்தேன். காசை அண்ணாச்சி வாங்கவில்லை, டில்லிபாபுவும் வற்புறுத்தவில்லை. யார் இழுத்தது என்ற பேச்சே அங்கே எழவில்லை. திரும்பப் பைக்கில் ஏறும்போது, "லைசென்ஸ் ஜெராக்ஸ் எதுக்கு?" என்று கேட்டேன். "எதுக்காவது ஆவும் மேடம்" என்றார்.

கரூர் வந்து அறுபதையும் அறுபத்திரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். மூட்டைப்பூச்சியைக்கூட விடாமல் எழுதுகிற மனிதர் ஒரு ஊர் வழியாக நடந்து போய்விட்டு ஒன்றும் இல்லை என்பாரா? தங்குவதற்குச் சத்திரம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கலாம். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும் இல்லை என்றும் இருக்கலாம். போன் செய்து புனிதாவிடம் கேட்டேன்.

"இருந்தாலும் இருக்கும்க்கா" என்றாள் அமைதியாக. "அன்னிக்கு என் கண்ணுல பட்டது அவ்ளோதான்."

அவள் கேட்டதால் அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கூரியரில் அனுப்பினேன். வீட்டில் மாட்டிவிட்டார்களாம். வருகிறவர்கள் கேட்டால் டில்லிபாபு, வண்டி அதிர்வில் வந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கத்திவாக்கத்துக்கு சென்ட்ரல் பக்கத்துப் புறநகர் நிலையத்திலிருந்தே நேரே வண்டி உண்டு. சுமார் முக்கால் மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய்க்குள். முகத்துவாரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிற்க நிழல் கிடையாது. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். காற்று திரும்பினால் சாம்பல் கண்ணில் விழும், கண்ணாடி அணிவது நல்லது. இறால் பிடிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். செருப்பு சேற்றில் போய்விடும், பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு நான் இன்னும் அறுபத்தொன்றை அனுப்பவில்லை. அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்று தெரியவில்லை. புனிதா சொன்னதைப் போட்டால் அது வழிகாட்டி எழுதியது இல்லை. போடாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படித்த ஒரே ஆளின் சாட்சியும் போய்விடும். திருவொற்றியூரில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்குகிறவர்கள், நடுவில் என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒரு பக்க அளவுக்கு இடம் இருக்கிறது.